ஸ்வர்ணாவா, ஜோதியா? வெள்ளை விதைக்கிழங்கில் ரகக் கலப்பைக் கண்டுபிடிப்பது

கேள்வி: நீலகிரி கேத்தி பாலாடா பக்கம் ஒன்றரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போடுகிறேன். நிலத்தில் வேரைத் தாக்கும் நூற்புழு இருப்பதால், அதற்கு எதிர்ப்புள்ள குப்ரி ஸ்வர்ணா ரகம் என்று கேட்டு வியாபாரியிடம் விதை வாங்கினேன். எல்லாமே வெள்ளைக் கிழங்குதான். ஆனால் சிலவற்றில் கண் ஆழமாக இருக்கிறது, வெட்டிப் பார்த்தால் சில மஞ்சளாக இருக்கின்றன. குப்ரி ஜோதி ரகம் கலந்திருக்கும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். நடும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மூட்டையில் கலப்பு இருக்கிறதா என்பதை நடும் முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு கிழங்கைக் கையில் எடுத்து "இது ஸ்வர்ணா, இது ஜோதி" என்று பெயர் சொல்ல யாராலும் முடியாது, அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். 1985இல் நீலகிரிக்கென்றே வெளியிடப்பட்ட ஸ்வர்ணாவுக்கு ஜோதி ஒரு பெற்றோர் ரகம். இரண்டும் வெள்ளைத் தோல், வெள்ளைப் பூ. கிர்தாரி, ஹிமாலினி போன்ற பிற்கால மலை ரகங்களும் வெளிர்நிறத் தோலும் நீள்வட்ட வடிவமும் கொண்டவைதான். தோலைப் பார்த்து சிந்தூரி போன்ற சிவப்பு ரகத்தை ஒதுக்கலாமே தவிர, வெள்ளைக்குள் வெள்ளையைப் பிரிக்க முடியாது.

முதலில் மூட்டையில் விதைச் சான்று அட்டை இருக்கிறதா பாருங்கள். சான்று விதையைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. ரகப் பெயரும் குவியல் எண்ணும் அதில் இருக்கும். அட்டையே இல்லையென்றால், உங்களுக்குக் கிடைத்தது சந்தைக் கிழங்காக இருக்கவும் வாய்ப்பு உண்டு. மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்கு ஊட்டி, கோலார், குஜராத் என்று ஊர்ப் பெயரில்தான் விலைபோகும், ரகப் பெயரில் அல்ல. குளிர்கிடங்கில் முளை அடக்கும் மருந்து பட்ட சாப்பாட்டுக் கிழங்காக இருந்தால் முளைப்பும் சரியாக வராது.

அடுத்து, எல்லா மூட்டைகளிலிருந்தும் கலந்து 100 கிழங்கு எடுத்து மண் போகக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வடிவம் பார்க்க 60 கிராமுக்கு மேற்பட்டவைதான் சரி, சிறு கிழங்கு எந்த ரகமானாலும் உருண்டையாகவே தெரியும். வறட்சிக்குப் பின் திடீர் மழை பெய்தால் கிழங்கில் முண்டு விழும். கல் நிறைந்த மண்ணில் கோணும். வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமியான வைராய்டு தாக்கினால் இரு முனையும் கூம்பி நீளும். இவற்றையெல்லாம் வேறு ரகம் என்று எண்ணிவிட வேண்டாம்.

கண்ணின் ஆழம் இவற்றைவிட நம்பகமானது. ஜோதியின் கண் மேலோட்டமானது, கத்தியால் லேசாகச் சீவினாலே போய்விடும். ஆகவே நீங்கள் பார்த்த ஆழக்கண் கிழங்குகள் ஜோதியாக இருக்க வாய்ப்பு குறைவு, மூன்றாவது ரகம் ஒன்று கலந்திருக்கலாம். சதை நிறத்துக்குக் கிழங்கை நீளவாக்கில் வெட்டி, வெட்டியவுடனே பாருங்கள், காற்றுப் பட்டால் பழுப்பாகிவிடும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கை இதற்கு எடுக்காதீர்கள். தெளிவான மஞ்சள் சதை ஜோதிக்கு இல்லை. புக்ராஜ் போன்ற சமவெளி ரகங்களில் அது வழக்கம்.

சரியான விடை முளையில்தான் கிடைக்கும். சந்தேகக் குவியலில் 20 கிழங்கு, ரகம் உறுதியாகத் தெரிந்த ஸ்வர்ணா 5, ஜோதி 5 எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த ரகத்துக்கு முத்தோரை மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். முட்டைத் தட்டில், கண்கள் நெருங்கி இருக்கும் நுனிப்பக்கம் மேலே வரும்படி நிறுத்தி, நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் வரும் அறையில் வையுங்கள். உறக்கம் கலைந்த, அதாவது முளைக்கத் தயாரான கிழங்கானால் மூன்று நான்கு வாரத்தில் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. குட்டையான, நிறம் ஏறிய முளை வரும். இருட்டில் வைத்தால் வெளுத்து நீண்ட முளைதான் வரும், அதில் ஒன்றும் தெரியாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து நுனிமுளையை மட்டும் பாருங்கள். அடிப்பகுதி உருண்டையா, முட்டை வடிவமா, கூம்பா, உருளையா? நிறம் செவ்வூதாவா, நீல ஊதாவா, வெறும் பச்சையா? மயிர் அடர்த்தியா, அரிதா? நுனி மூடியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா? வேர் கிளம்பும் புள்ளிகள் நிறையவா, கொஞ்சமா? வெளிச்சத்தின் அளவு மாறினால் இவையும் மாறும். அதனால் எந்த ரகத்துக்கு என்ன நிறம் என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒரே தட்டில் பக்கத்துப் பக்கம் வைத்து ஒப்பிடுவதே முறை. மொத்தத்தில் 20க்கு 3 வேறுபட்டால் கலப்பு ஏறக்குறைய 15 சதவீதம். விதையாக எடுத்துவைக்க அது லாயக்கில்லை.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் இரண்டு இனங்களுக்கும் ஸ்வர்ணா எதிர்ப்பு உள்ளது, ஜோதிக்கு இல்லை. இந்த வித்தியாசத்தையே சோதனையாக்கலாம். 250 மி.லி. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கோப்பைகளில் உங்கள் நிலத்து மண்ணையே நிரப்பி, சந்தேகக் கிழங்கு, ஜோதி, ஸ்வர்ணா ஒவ்வொன்றிலும் நாலைந்து முளைவிட்ட துண்டுகளைத் தனித்தனியே நட்டு, கோப்பைகளை இருட்டில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், மண் ஈரம் காயக்கூடாது. ஏழெட்டு வாரத்தில் சுவரோடு ஒட்டிய வேர்களில் குண்டூசித் தலை அளவில் வெண்ணிற உருண்டைகள் தெரியும், அவைதான் பெண்புழுக்கள். ஒரு இனத்தில் அவை பொன்னிறமாகிப் பழுப்பாகும், மற்றதில் வெண்மையிலிருந்து நேரே பழுப்பாகும். எதிர்ப்பு ரகத்தின் வேரில் புழு நுழைந்தாலும் பெண்புழு வளராது, உருண்டை இராது அல்லது ஒன்றிரண்டே இருக்கும். ஜோதிக் கோப்பையிலேயே உருண்டை இல்லையென்றால் அந்த மண்ணில் நூற்புழு போதாது, சோதனை செல்லாது. மண்ணை மட்டும் வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். புழு பரவுவதே அப்படித்தான்.

நடவு அதற்குள் வந்துவிட்டால் ஆழக்கண், மஞ்சள் சதை கிழங்குகளை ஒதுக்கிவிட்டு மீதியை நடுங்கள். பூக்கும் பருவத்தில் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். வெள்ளைப் பூவுக்கு நடுவே ஊதாப் பூ வந்தால் அது கலவன், அதாவது வேறு ரகச் செடி என்பது உறுதி. சில பருவத்தில் மொட்டு உதிர்ந்துவிடும், ஆகவே பூ இல்லாததை வைத்து முடிவெடுக்காதீர்கள். கலவன் செடியைக் கிழங்கோடு முழுதாகத் தோண்டி எடுங்கள், விட்டுப்போன கிழங்கு அடுத்த போகத்தில் தானே முளைத்து மறுபடி கலக்கும். 50 முதல் 60 நாளில் ஐந்தாறு செடிகளை மண்வெட்டியால் மெதுவாகக் கிளப்பி வேரைப் பார்த்தாலும் உருண்டை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு செடி பின்கருகலில் வாடியது, பக்கத்துச் செடி தாங்கியது என்பதை வைத்து ரகம் சொல்லிவிட வேண்டாம். 1968இல் ஜோதி வெளியானபோது அந்த நோயைத் தாங்கியது, நோய்க்கிருமி மாறிக்கொண்டதால் இன்று தாங்குவதில்லை. ஸ்வர்ணாவையும் அதே படிமட்டத்தில் தொடர்ந்து போடாமல் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றிப் போடுங்கள். இல்லாவிட்டால் அதன் எதிர்ப்பைக் கடந்து வளரும் புழுக்கள்தான் மண்ணில் தங்கிப் பெருகும்.