பேரப்பிள்ளைகளோடு வடகடலுக்கு

கேள்வி: ஜூனில் ஸ்கொட்லாந்தில் இருக்கும் மகளிடம் போகிறோம். லூனன் விரிகுடாவுக்குக் கூட்டிப்போவாளாம். நிலாவெளி போலக் குளிக்கலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: அக்கா, கட்டாயம் போங்கள். தம்பி குடும்பத்தோடு அங்கே ஒரு முழுநாள் இருந்தேன். நீளமான மணல், மேட்டில் இடிந்த கோட்டை, எங்களைத் தவிர நாலைந்து பேர். அந்த அமைதி இன்னும் மனதில் நிற்கிறது.

ஆனால் குளிக்க வேண்டாம். நம் கடல் 28 பாகை என்றால் அங்கே ஜூனிலும் 11, 12தான், கால் விறைத்துப்போகும். வற்றுப்பெருக்கையும் கவனியுங்கள். நமக்கு அது ஒரு மீற்றருக்கும் குறைவு, அங்கே 4 மீற்றர் வரை. பாயை மேலே, மணல்மேட்டின் ஒதுக்கில் விரியுங்கள், காற்றும் படாது. பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு, பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, அப்புறம் புளிச்சோறு. பொழுதுபட இரவு 10 மணியாகும், ஆறுதலாக இருந்துவிட்டு வாருங்கள்.