அலுவலகத்தில் 8 சேனல் வாய்ஸ் லாகர் மாட்டியிருக்கிறார்கள். இதை எப்படிப் பழகிக்கொள்வது? ஊழியர்கள் பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினேன். அப்புறம் அழித்துவிட்டேன். போன் பேச்சுகளைப் பதிவு செய்கிற அந்தப் பெட்டியை உங்கள் முதலாளி புரிந்துகொள்வதற்கு முன்னால் நீங்கள் புரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான் என் பதில். மீதி எல்லாம் என் சொந்தக் கதை. நேரம் இருந்தால் படியுங்கள்.

என்ன அலுவலகம் என்று நீங்கள் சொல்லவில்லை. பங்குத் தரகு அலுவலகம், நீங்கள் போன் எடுக்கிற ஆள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். முதலாளியாக இருந்தால் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

நான் பி.காம்., இன்ஜினியர் இல்லை. தொழில்நுட்பத்தில் தப்பு கண்டுபிடிக்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், ஆனால் நான் சொல்வதெல்லாம் மேஜைக்கு அடியில் டார்ச் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டது. 2017 முதல் 2021 வரை சேலத்தில் ஒரு தரகு நிறுவனத்தின் கிளையில் டீலராக இருந்தேன். வாடிக்கையாளர் போனில் சொல்வார், நான் டெர்மினலில், அதாவது சந்தையோடு இணைந்த கம்ப்யூட்டரில், ஆர்டர் போடுவேன். ஒன்பது பேர், எட்டு லைன்.

2018 மார்ச்சில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அமைப்பான செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் வாங்கி விற்கிறார்கள் என்ற புகார்களைத் தடுப்பதற்காக வந்தது அது. ஆர்டர் அவர்தான் கொடுத்தார் என்பதற்குத் தரகரிடம் ஆதாரம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளோ மின்னஞ்சலோ எஸ்எம்எஸ்ஸோ, ஏதாவது ஒன்று. போனில் ஆர்டர் வாங்கினால் உரையாடலைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 3 வருடம் வைத்திருக்க வேண்டும், தகராறு என்று வந்துவிட்டால் அது தீரும்வரை. இப்படித்தான் எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பெட்டி வந்தது. பழைய டிவிடி பிளேயர் அளவு. பின்னால் எட்டு போன் சாக்கெட், ஒரு லேன் சாக்கெட். முன்னால் எட்டு சின்ன விளக்கு, தேதியும் நேரமும் ஓடுகிற ஒரு சின்னத் திரை. அந்தத் திரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்ட வந்த அண்ணனிடம் நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். போன் லைன் என்பது இரண்டு கம்பி. ரிசீவர் வைத்திருக்கும்போது அதில் சுமார் 48 வோல்ட் இருக்கும். எடுத்தவுடன் 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்துவிடும். லாகர் அந்த இரண்டு கம்பியிலும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். விழுந்தால் பதிவைத் தொடங்கும், ஏறினால் நிறுத்தும். லைனிலிருந்து அது மின்சாரத்தை இழுப்பது இல்லை என்றே சொல்லலாம், அதனால் பேசுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பதிவு ஆகும்போது கொர்ரென்று சத்தம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்தம் வந்தால் பெரும்பாலும் கம்பியில் ஈரம் ஏறியிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லைன் அறுந்துபோனால் அங்கே 48ம் இல்லை, 10ம் இல்லை, பூஜ்யம். யாரோ போனை எடுத்துவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் 6ஆம் லைன் செத்துப்போனது. சனிக்கிழமை மதியத்திலிருந்து திங்கள் காலைவரை அது வெறும் இரைச்சலைப் பதிந்து வைத்திருந்தது. முதலாளி சத்தம் போட்டார். அண்ணன் வந்து, வோல்ட்டைப் பார்க்க வேண்டாம், குரல் கேட்டால் மட்டும் பதிவு செய் என்று அமைப்பை மாற்றிவிட்டுப் போனார்.

அது இன்னும் மோசம். குரல் கேட்டால் பதிவு என்றால், சில விநாடி மௌனம் வந்ததும் கோப்பை மூடிவிடும். வயதான வாடிக்கையாளர் ஒருவர் "அந்த நூறை வித்துடலாம்னு பாக்கறேன்" என்றார். அப்புறம் பேச்சே இல்லை, பக்கத்தில் மனைவியிடம் ஏதோ சைகை போல. பிறகு "வேண்டாம், இருக்கட்டும்" என்றார். பெட்டியில் இது இரண்டு கோப்பு. முதல் கோப்பை மட்டும் கேட்டால் அவர் விற்கச் சொன்ன மாதிரியே இருக்கும். நம் தமிழில் மறுப்பு கடைசியில்தானே வருகிறது! தற்செயலாகத்தான் அதைக் கேட்டேன். பழையபடி வோல்ட்டுக்கே மாற்றச் சொல்லி நானே அண்ணனுக்குப் போன் செய்தேன். உங்கள் பெட்டியில் எந்த முறை இருக்கிறது என்று நாளைக்கே பாருங்கள்.

வட்டு நிரம்பிவிடும் என்று பயப்படாதீர்கள். சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரப் பேச்சு 28.8 எம்பி. எங்கள் எட்டு லைனும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் பேசினோம் என்றால் 200 எம்பி, வருடத்துக்கு 50 ஜிபி. 500 ஜிபி வட்டு 3 வருடத்துக்குத் தாராளம். ஆனால் நிரம்பினால் பழையதை அழிக்கும் அமைப்பு இருந்தால், அது எப்போது எதை அழிக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லைன் செம்புக் கம்பியாக இல்லாமல் ஃபைபராக இருந்தாலும் பரவாயில்லை, மோடத்தின் போன் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாம். அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டியிலிருந்து வருகிற டிஜிட்டல் போன், இன்டர்நெட் வழியாக ஓடுகிற ஐபி போன் என்றால் இந்த வகைப் பெட்டி அந்தக் கம்பியில் ஒன்றும் கேட்காது. செல்போனில் பேசினால் சொல்லவே வேண்டாம்.

பெட்டிக்கு முப்பதாயிரத்துக்கு மேல் ஆனது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அலுவலகத்தில் பெண்களுக்கு டாய்லெட் கிடையாது. நாங்கள் நான்கு பெண்கள் கீழே இருந்த ஜவுளிக்கடைக்குப் போவோம், அங்கே இருக்கிற பெண்கள் பாவம் பார்த்து விடுவார்கள். சந்தை 9.15க்குத் திறந்தால் 3.30க்குத்தான் மூடும். நான் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன். கேட்டால், கட்டடக்காரர் அனுமதி தரவில்லை என்பார் முதலாளி. செபி சொன்னால் மட்டும் ஒரே மாதத்தில் சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க அனுமதி கிடைத்துவிடுகிறது. சரி, விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2019 தொடக்கத்தில் ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் நேரில் வந்தார். ஓய்வு பெற்றவர், எப்போதும் என்னிடம்தான் ஆர்டர் கொடுப்பார். பத்து நாளைக்கு முன்னால் அவருடைய சர்க்கரை ஆலைப் பங்கு இருநூறை நான் அவரைக் கேட்காமல் விற்றுவிட்டேனாம். அதற்குள் விலை ஏறியிருந்தது, அதுதான் காரணம். என்ன விற்றோம், என்ன விலைக்கு என்று காட்டுகிற கான்ட்ராக்ட் நோட் அடுத்த நாளே போயிருக்கிறது, அவர் பிரித்துப் பார்க்கவில்லை. முதலாளி கம்ப்யூட்டரில் அந்தத் தேதியைப் போட்டு, 3ஆம் சேனலைத் தேடினார். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது.

"பாஸ்வேர்ட் உன்கிட்டதானம்மா இருக்கு?"

வேறு எதுவும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் முன்னால், கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் இதைக் கேட்டார். பதிவுகளைப் பிரதி எடுக்கும் வேலை என்னுடையது, அதனால் பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருந்தது. டார்ச் பிடித்ததற்குக் கிடைத்த பரிசு. அன்று இரவு சாப்பிடவில்லை. படுத்துக்கொண்டு அந்த நாளை மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: அன்றைக்குப் பத்து மணி வாக்கில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் உயிரை விட்டு, எல்லாம் அணைந்து எழுந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். முகப்புத் திரையில் 11-01-2000, இரவு 10.25 என்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த நாணயம் மாதிரியான பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போனதும் கடிகாரம் 2000 ஜனவரி 1, நள்ளிரவுக்குப் போய்விட்டது. பத்து நாளாக அதைத் தாண்டித்தான் எல்லோரும் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறோம், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நான் உட்பட.

2000 ஜனவரி 1 என்று போட்டுத் தேடினேன். வந்தது. ஆனால் அதுவே போதுமா? தேதியை நீதான் மாற்றினாய் என்று சொல்லிவிட்டால்? டெர்மினலில் அன்றைய ஆர்டர் பட்டியலை எடுத்தேன், அதில் ஒவ்வொரு ஆர்டருக்கும் சரியான நேரம் இருக்கும், அதை நாங்கள் யாரும் தொட முடியாது. 00.21க்கு வந்த அழைப்பு, 10.26க்குப் போட்ட ஆர்டர். 03.08க்கு வந்தது, 13.13 ஆர்டர். பெரியவருடைய அழைப்பு 01.37. அவர் பங்கை விற்றது 11.43. எல்லாவற்றிலும் அதே 10 மணி 5 நிமிட வித்தியாசம், ஒரு நிமிடம் முன்னே பின்னே. ஒரு தாளில் கோடு போட்டு எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன்.

மதியம் பெரியவரை வரவழைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். "சரி, இருநூறையும் தள்ளிடும்மா" என்று அவர் குரல் தெளிவாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் என் குரலும் இருந்தது: "சார், இன்னும் இறங்கும் போலத்தான் தெரியுது."

டீலர் இப்படிச் சொல்லக் கூடாது. அது எனக்குத் தெரியும். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது, எல்லோரும் சொல்வார்கள், அவர் வாயைத் திறந்து "என்னம்மா, இறங்குமா?" என்று கேட்ட பிறகுதான் சொன்னேன், பதிவிலும் அது இருக்கிறது. இதைப் படித்துவிட்டு டீலர்கள் எல்லாம் இப்படித்தான் என்று கருத்துப் போட வருகிறவர்கள், ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். பெரியவர் கேட்டு முடித்துவிட்டு, "இந்தப் பொண்ணு சொல்லித்தானே வித்தேன்" என்று எழுந்து போனார். புகார் அதோடு நின்றது. முதலாளி என்னைப் பார்த்து, "சரி, வேலையைப் பாரு" என்றார்.

அதன் பிறகுதான் அவருக்குப் பெட்டியின் அருமை தெரிந்தது. சாயங்காலம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தார். எனக்கு அப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிய வேளையில் 8ஆம் லைனில் அம்மாவிடம் பேசுவேன். ஒருநாள் காபி குடிக்கும்போது, "நாற்பது பவுன் கேக்கறாங்களாமே, ரொம்ப அதிகம்மா" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 8ஆம் லைனைப் பெட்டியிலிருந்து கழற்றச் சொன்னேன். ஒரு வாரம் இழுத்துவிட்டுக் கழற்றினார். பதிவு இல்லை என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி நானே அந்த போனில் ஒட்டினேன். நீங்களும் ஒரு லைனை இப்படிக் கேட்டு வாங்குங்கள், பெட்டி புதிதாக இருக்கும்போதே கேட்டால் தருவார்கள்.

அப்புறம், கோப்பை யாருக்காவது அனுப்ப வேண்டி வந்தால் வெட்டி ஒட்டி, எம்பி3 ஆக்கி, வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள். மூலக் கோப்பு பெட்டியிலேயே இருக்கட்டும், பிரதி மட்டும் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற, கைரேகை மாதிரியான ஓர் அடையாளம். கோப்பில் ஒரு துளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் சந்தை திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு லைனிலிருந்தும் பக்கத்து லைனுக்குப் போன் போட்டு, "இன்று ஜூன் 4, செவ்வாய், மணி 9.02, இது மூன்றாம் லைன்" என்று சொல்லிவிட்டு வைப்பேன். கடிகாரம் கெட்டாலும் என் குரலில் தேதி இருக்கும். எந்தக் கம்பி எந்தச் சேனலில் போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். 5ம் 7ம் இடம் மாறி மாட்டியிருந்ததை முதல் நாளே அப்படித்தான் கண்டுபிடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், ரயில்வே அறிவிப்பு என்று பெயர் வைத்தார்கள்.

என் இடத்துக்கு வந்த பெண் இன்றும் தினமும் அதைச் செய்கிறாளாம், போன மாதம் பேசும்போது சொன்னாள். டாய்லெட் இன்னும் கட்டவில்லையாம்.