எட்டு கோணம், அளவு ரெண்டே ரெண்டு: இணைகோடு கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம், ஏழாம் கிளாஸ்): சார், ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம், குத்தெதிர்க் கோணம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போகுது, எப்படி சார் மனப்பாடம் பண்ண?

பதில்: மக்ளே, பேர அப்புறம் பாப்போம். ரெண்டு இணைகோட்ட ஒரு குறுக்குவெட்டி, அதாவது ரெண்டையும் குறுக்க வெட்டிப் போற கோடு, சாய்வா வெட்டுனா எட்டு கோணம் வரும், ஆனா அளவு ரெண்டே ரெண்டுதான், நாலு குறுங்கோணம், நாலு விரிகோணம், குறுங்கோணம் ஒண்ணையும் விரிகோணம் ஒண்ணையும் கூட்டுனா 180. குலசேகரம்னா வீட்டுப் பக்கத்துல ரப்பர் நிக்கும்லா, பால்வெட்டுற மரத்துகிட்ட போய் நின்னு பாரு. சிரட்டைக்கு மேல நேர் செங்குத்தா ஒரு கோடு கீறியிருப்பாங்க, அதுதான் உன் குறுக்குவெட்டி. பட்டையில சாய்வா போற வெட்டுதான் இணைகோடு, வெட்ட வெட்ட அது கீழ இறங்கிட்டே வரும் ஆனா சாய்வு மாறாது. ஒட்டு மரத்துல கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வு வைப்பாங்க, அப்போ செங்குத்துக் கோட்டுக்கும் வெட்டுக்கும் நடுவுல, வெட்டுக்கு மேல் பக்கம் 60, கீழ் பக்கம் 120. போன மாச வெட்டுலயும் மேல் பக்கம் 60, இன்னைக்கு வெட்டுலயும் 60, இதுதான் ஒத்த கோணம். ரெண்டு வெட்டுக்கும் நடுவுல, ஒரே பக்கத்துல, மேல் வெட்டோட 120-உம் கீழ் வெட்டோட 60-உம் சேந்தா 180. வெட்ட செங்குத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் நீட்டி நோட்டுல வரஞ்சு பாரு, ஒரே வெட்டுல நேர் எதிரா வர்றது குத்தெதிர்க் கோணம், ரெண்டு வெட்டுக்கும் நடுவுல செங்குத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணுன்னு சமமா வர்றது ஒன்றுவிட்ட கோணம்னு தானா மனசிலாவும்.

கேள்வி (மார்த்தாண்டம், ஒரு அம்மா): மகளுக்கு ஒத்த கோணம் சமம்னு எழுதியும் மார்க் போச்சு. படத்துல கோடு ரெண்டும் இணை மாதிரிதான் இருந்துது.

பதில்: அந்த "மாதிரி"லதான் போச்சும்மா. ஒத்த கோணம்ங்கற ஜோடி எந்த ரெண்டு கோட்ட வெட்டுனாலும் வரும், ஆனா சமமா இருக்கணும்னா கோடு இணையா இருக்கணும், அத கேள்வியில சொல்லிருக்கணும் இல்லன்னா படத்துல அம்புக்குறி போட்டிருக்கணும். ஒண்ணு 70, ஒண்ணு 68-ன்னு வையுங்க, கண்ணுக்கு இணைதான். ஆனா ஒரு பக்கத்து உட்கோணம், 180-ல 70 போக 110-உம், அடுத்த கோட்டோட 68-உம் சேந்து 178 தான் வருது, கோட்ட நீட்டுனா அந்தப் பக்கம் போய் முட்டிரும். கிமு 300 வாக்குல யூக்ளிட் தன்னோட அஞ்சாவது அடிப்படைக் கூற்றா வச்சதே இதத்தான். பிள்ளைய முதல்ல "இணைன்னு சொல்லிருக்கா"ன்னு பாக்கச் சொல்லுங்க.

கேள்வி (இரணியல்): "இசட் கோணம்"னு எழுதலாமா?

பதில்: கண்டுபிடிக்க இசட் வரஞ்சுக்கோ, விடையில ஒன்றுவிட்ட உட்கோணங்கள்னு எழுது.

கேள்வி (தக்கலை, வெல்டிங் வேலை): அண்ணே, மாடிப்படி கைப்பிடிக்கு நிக்கிற கம்பி ஒவ்வொண்ணையும் தனித்தனியா அளந்து சாய்ச்சு வெட்டுறேன், ஒரு நாளே போயிருது.

பதில்: தம்பி, ஒரு கம்பி அளந்தா போதும். கம்பி எல்லாம் செங்குத்து, ஒண்ணுக்கொண்ணு இணை, அத சாய்வா வெட்டிப் போற கைப்பிடிதான் குறுக்குவெட்டி, அதனால எல்லா கம்பியிலயும் ஒரே கோணம்தான் விழும். படி சாய்வு 35 டிகிரின்னா கம்பிக்கும் கைப்பிடிக்கும் நடுவுல 55, மறுபக்கம் 125. கீழ ஓடுற பட்டையும் கைப்பிடிக்கு இணையா இருந்தா, கம்பியோட மேல் வெட்டும் கீழ் வெட்டும் ஒன்றுவிட்ட கோணமா அமையும், ரெண்டும் ஒரே சாய்வு. மெஷின்ல நேர் வெட்டுல இருந்து 35 திருப்பி டைட் வச்சுட்டு கம்பிய திருப்பாம அப்படியே தள்ளித் தள்ளி வெட்டிட்டு போ. முதல் கம்பிய மட்டும் தூக்குகுண்டு போட்டு செங்குத்தா நிக்கான்னு பாத்துரு, அது சாஞ்சு நின்னா 55-ங்கற கணக்கே தப்பிரும்.