டிப்ரெஷனுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு, புத்தரின் போதனைகளும் தியானமும் உதவுமா?

"டிப்ரெஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புத்தர் சொன்னதைப் படி, தியானம் செய், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரி உங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம், உதவுமா என்றால், உதவும். நானும் பல வருடங்களாக இந்த நோயோடு இருப்பவள். மாத்திரையும் எடுக்கிறேன், புத்தரின் சூத்திரங்களையும் படிக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் நினைக்கிற மாதிரி அது நோயை எடுத்துவிடாது. நோய் வந்ததற்காக நம்மையே நாம் தண்டித்துக்கொள்கிறோமே, அதைக் குறைக்கும். என் அனுபவத்தில் வேதனையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

"போன ஜென்மத்துப் பாவம்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். புத்தரின் போதனைகளைத் தொகுத்த நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறார்: மனிதர் அனுபவிக்கும் இன்ப துன்பம் எல்லாம் முன்வினைதான் என்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியில்தான் வினை. எல்லாமே வினை என்று சொல்பவர்கள் எல்லை மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். இதை முதலில் படித்தபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. உடம்பின் கோளாறால் மனிதன் துன்பப்படலாம், அது அவன் குற்றம் அல்ல என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். மருந்தும் அவருக்கு விலக்கானது இல்லை. உடை, உணவு, உறைவிடம், மருந்து இந்த நான்கும் ஒரு பிக்குவின் அடிப்படைத் தேவைகள். புத்தரே உடம்புக்கு முடியாதபோது ஜீவகர் என்ற வைத்தியரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்தான்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது இரண்டு அம்புகள் பற்றிய போதனை. சல்லத்த சூத்திரத்தில் வருகிறது. ஒருவன்மேல் ஓர் அம்பு பாய்கிறது, உடனே இரண்டாவது அம்பும் பாய்கிறது. முதலாவது வலி. அந்த வலியைக் கண்டு புலம்புவது, வெறுப்பது, கலங்குவது எல்லாம் இரண்டாவது. பயிற்சி உள்ளவனுக்கும் முதல் அம்பு பாயத்தான் செய்யும், இரண்டாவது பாயாது என்கிறார் புத்தர். காலையில் கண் திறக்கும்போதே நெஞ்சில் ஒரு பாரம், எழுந்து பல் தேய்க்கக்கூட முடியவில்லை. இது முதல் அம்பு. "எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், நீ இன்னும் படுத்திருக்கிறாய். உன்னால் எதற்கு உபயோகம்? இது இப்படியேதான் இருக்கும்" என்று மனம் பேச ஆரம்பிக்கிறதே, அது இரண்டாவது. முதலாவதுக்கு மருந்தும் தூக்கமும் காலமும் வேண்டும். இரண்டாவதில் நமக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது.

அந்த இடத்தை எப்படிப் பிடிப்பது? சதிபட்டான சூத்திரத்தில் மனத்தைக் கவனிப்பது பற்றி ஒரு பகுதி உண்டு. ஆசையுள்ள மனத்தை ஆசையுள்ள மனம் என்று அறி, வெறுப்புள்ள மனத்தை வெறுப்புள்ள மனம் என்று அறி என்று போகும் அந்த வரிசையில், சுருங்கிய மனத்தைச் சுருங்கிய மனம் என்று அறி என்றும் வருகிறது. அதை உடனே விரித்துவிடு என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. அறிந்தால் போதும். நான் செய்வது இதைத்தான். "நான் உருப்படாதவள்" என்று தோன்றினால், "உருப்படாதவள் என்கிற நினைப்பு இப்போது வந்திருக்கிறது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். நினைப்பு போகாது. ஆனால் அதோடு வாதாடிக் களைத்துப்போவது நிற்கும்.

இதே வழியைத்தான் மருத்துவமும் எடுத்துக்கொண்டது. ஜான் கபாட்-சின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய, இப்படி மனத்தைக் கவனிக்கும் பயிற்சியிலிருந்து, சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் டிப்ரெஷனுக்கென்றே 8 வார வகுப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 2000-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் வந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வருவது கணிசமாகக் குறைந்தது. 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 424 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. இந்த வகுப்புக்குப் போய் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். அதாவது ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் வீட்டில் இதைக் காட்டி "பார், மருந்தே வேண்டாம்" என்று சொல்லக்கூடும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே தேறியவர்கள், மருந்தைக் குறைத்தது மருத்துவரோடு சேர்ந்து. நோயின் நடுவில் இருக்கும் ஒருவர் தானாக நிறுத்துவது வேறு விஷயம்.

மோசமான நாட்களில் கண்ணை மூடி உட்காராதீர்கள் என்பேன். உட்கார்ந்தால் பழைய நினைப்புகளே சுற்றிச் சுற்றி வரும். நடங்கள். நடைத் தியானம் பௌத்தத்தில் உட்கார்ந்து செய்வதற்குக் குறைந்தது அல்ல. மொட்டை மாடியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்துக்கொண்டு நடந்தால் போதும். தியானத்தில் தூங்கி வழிந்த மொகல்லானருக்குப் புத்தர் சொன்ன யோசனைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: படித்ததை நினைத்துப் பார், வாய்விட்டு ஓது, காதை இழுத்துக் கைகாலைத் தேய்த்துவிடு, முகம் கழுவி நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனத்தில் நினை, நட. எதுவும் பலிக்காவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு. தன் தலைமைச் சீடர்களில் ஒருவரிடமே படுத்துக்கொள் என்கிறார் அவர். நீங்களும் படுத்துக்கொள்ளலாம்.

விபாசனா முகாம் இப்போது வேண்டாம். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் அது பத்து நாள், தினம் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும், சக பயிற்சியாளர்களோடு பேச்சு கிடையாது, போன் கிடையாது. நலமாக இருப்பவர்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல, மருத்துவச் சிகிச்சைக்கு மாற்றும் அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். தேறியபிறகு, உங்கள் மருத்துவர் சரி என்றபிறகு யோசியுங்கள். அப்போதும் விண்ணப்பத்தில் உங்கள் நோயையும் மாத்திரையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்ற வரியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் கவனமாக இருங்கள். எதிலும் ஆசை இல்லாமல் போவதே நம் நோய் எனும்போது, அந்த வரி நம்மைக் குற்றவாளி ஆக்குகிறது. புத்தர் சொன்னது வேட்கையை, அதிலும் மூன்று வகையை. இன்பங்களுக்கான வேட்கை, இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதன் பெயர் விபவ தண்ஹா. "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்று தோன்றும்போது வாழ்க்கையின் உண்மை புரிந்துவிட்ட மாதிரி ஒரு தெளிவு வரும். அதை நம்பாதீர்கள். புத்தர் அதை ஞானத்தில் சேர்க்கவில்லை, வேட்கையில் சேர்த்தார். பசி போல அதுவும் ஏறும், இறங்கும்.

அது ஏறுகிற நேரத்தில் தியானமோ சூத்திரமோ வேண்டாம், ஒரு மனிதர் பக்கத்தில் வேண்டும். வீட்டில் யாரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருந்தால் 1926. இப்போதே உங்கள் போனில் பதிந்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வீட்டில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் அப்படிச் சொல்பவரையே கூட அழைத்துப் போங்கள்.