நடிப்புக்குப் புதியவர்களிடம் முதல் நாளே வசனத்தாளைக் கொடுக்கலாமா?

மேடை அனுபவமே இல்லாத பதினைந்து பேருக்கு நடிப்பும் கதைசொல்லலும் கற்றுத்தர விரும்புவதாகவும், எந்த நாடகப் பிரதியிலிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரதியை ஒரு மாதத்துக்கு மூடி வையுங்கள் என்பதே என் பதில்.

கல்லூரி மாணவர்களுக்கு வார இறுதி வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் நானும் வசனத்தாளோடுதான் போனேன். அதைக் கையில் வாங்கியதும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த சினிமா நடிகரின் குரலுக்குத் தாவினார்கள். எதிரில் நிற்பவர் பேசுவதைக் காதில் வாங்காமல், தம் முறை எப்போது வருமென்றே காத்திருந்தார்கள்.

மறு ஆண்டு காலி டம்ளரில் தொடங்கினேன். அதில் கொதிக்கும் தேநீர் இருப்பதாக எண்ணிக் குடிக்கச் சொன்னபோது, முதலில் வந்த மாணவர் டம்ளரை முழுக் கையால் பற்றி, ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, சுட்டதுபோல முகத்தைச் சுளித்தார். "டீக்கடையில் எப்படிப் பிடிப்பாய்?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்து, விளிம்பை இரண்டு விரல்களால் தூக்கி, பொறுக்காமல் கை மாற்றி, ஊதி, உதட்டருகே கொண்டுபோய்த் தயங்கினார். முகத்தில் எதையும் வரவழைக்க அவர் முயலவில்லை. ஆனாலும் எங்கள் கண்ணுக்கு ஆவி தெரிந்தது. உணர்ச்சியைத் துரத்தாமல் எளிய உடற்செயல்களின் வழியே அதை எட்டலாம் என்று ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் இறுதிக் காலத்தில் வலியுறுத்தியது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கதைசொல்லலைத் தெருக்கூத்திடம் கடன் வாங்குங்கள். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, வேடதாரி தன்னையே வேறொருவரைப் போலப் பாடி அறிமுகம் செய்துகொள்வார். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன், வந்திருப்பது யாரென்று கேட்டு, கிண்டி, பேச வைப்பார். அதாவது, வேடதாரி முதலில் கதைசொல்லி, பிறகுதான் பாத்திரம். இதையே பயிற்சியாக்கலாம். ஒருவர் தம் வாழ்வில் நடந்ததை 'அவன்', 'அவள்' என்று மூன்று நிமிடம் சொல்லட்டும், மற்றொருவர் கட்டியங்காரனாக நின்று, "அப்போது மழையா? காலில் செருப்பு இருந்ததா?" என்று குறுக்கிடட்டும். கூச்சம் மிகுந்தவர்கள்கூட 'நான்' என்ற சொல் விலகியதும் பேசிவிடுகிறார்கள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள்தான் திணறுகிறார்கள்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய நாடகக் கம்பெனியான பாலர் சபையில் பாட்டையும் வசனத்தையும் மனப்பாடம் செய்துதானே சிறுவர்கள் நடிகர்களானார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் கம்பெனியிலேயே உண்டு உறங்கி, இரவுதோறும் மூத்தவர்களின் நடிப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள். உங்களிடம் வருபவர்களுக்கோ வாரம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும்.

ஐந்தாம் வாரம் பத்து வரி உரையாடல் ஒன்றைக் கொடுத்து, உட்கார்ந்தபடியே, எதிரில் இருப்பவர் முடித்த கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தம் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்பதை அதற்கடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.