பாதீட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போவதில் பயன் இருக்கிறதா?

கேள்வி: "எங்கள் பிரதேச சபை அடுத்த வருடப் பாதீட்டுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறதாம். சுகாதாரம், சமூக சேவைக்கு ஒதுக்கும் காசு பற்றிப் பேசப் போனால் ஏதாவது நடக்குமா? இல்லை, ஒருநாள் கூலிதான் வீணா?"

போங்கள். ஒருநாள் கூலி என்பது சின்ன விடயம் இல்லை, அது எனக்குத் தெரியும். கூட்டத்தை வேலைநாளில் காலை 10 மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிற ஆக்கள் எப்படி வருவார்கள் என்பதை எங்கள் கூட்டத்திலேயே நான் கேட்டேன். நீங்களும் எங்களைப் போல மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரைப் பக்கம் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். டவுனில் இருப்பவர் என்றால் சிலது பொருந்தாமல் போகலாம்.

என் அம்மாவுக்கு முழங்காலில் வாதம். பிரசருக்கு மாதம் ஒருமுறை போதனா வைத்தியசாலையில் கிளினிக். முழங்காலுக்கு மட்டும் சபையின் ஆயுர்வேத மருந்தகத்துக்குப் போவார். தைலம் சும்மா தருவார்கள், போத்தலை நாங்கள் கொண்டுபோக வேண்டும். அம்மாவிடம் பழைய இருமல் பாணிப் போத்தல் ஒன்று இருக்கிறது, பிளாஸ்டர் துண்டில் பெயர் எழுதி ஒட்டியது. எத்தனையோ வருடத் தைலம் ஊறி அந்த எழுத்தே மங்கிப்போய்விட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அந்தப் போத்தல் வெறுமையாகத் திரும்பி வந்தது. "தைலம் முடிஞ்சுதாம் புள்ள, இனித் தை மாசம்தானாம்" என்று சொல்லிவிட்டு, போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நாலு மாதத்துக்கு அது அப்படியே கவிழ்ந்து கிடக்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அதற்கு முந்தின வருடமும் இதே கதைதான், ஆனால் அப்போது ஒக்டோபர் வரை தாக்குப்பிடித்தது.

மருந்தகத்து வைத்தியரை நான் குறை சொல்லவில்லை. இருக்கிற காசுக்குத்தானே அவர் மருந்து எடுக்கலாம். எவ்வளவு காசு இருக்கிறது என்பதை அறியத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு ஒரு கோரிக்கை கொடுத்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. மருந்து வாங்க 2021இல் ஒதுக்கியது ஒன்றரை இலட்சம். 2025இலும் அதே ஒன்றரை இலட்சம்! 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறி எல்லாச் சாமானும் விலை ஏறினது உங்களுக்கும் தெரியும். நல்லெண்ணெய் விலை ஏறினால் தைலத்தின் விலையும் ஏறத்தானே செய்யும். அதற்குள் 2023 மார்ச்சில் சபைகளின் காலமும் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரைக்கும் செயலாளர்தான் எல்லாம் பார்த்தார். போய்க் கேட்க எங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். ஒக்டோபரில் சபை மண்டபத்தில் நடந்தது, நாற்பது பேர் அளவில் வந்திருந்தோம். விளக்கேற்றி, வரவேற்புரை முடியவே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. மறுகா ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவர் ஊர் ஆஸ்பத்திரிக்கு டொக்டர் வேண்டும் என்றார். ஒருவர் யானை வேலி கேட்டார். இன்னொருவர் மருத்துவிச்சி வராததைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தவிசாளர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது எங்கட அதிகாரத்துக்குள்ள இல்லை." அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு ஆக்கள் பாதியிலேயே எழும்பிப் போனார்கள்.

அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போதனா வைத்தியசாலை கொழும்பில் உள்ள மத்திய அமைச்சின் கீழ் வருகிறது. ஊர் ஆஸ்பத்திரி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, மருத்துவிச்சி எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு போன்றவை பிரதேச செயலகத்துக்கு ஊடாக வருகிற மத்திய அரசின் காசு. சபையின் கையில் இருப்பது குப்பை, வடிகான், மயானம், சந்தையின் சுகாதாரம், முன்பள்ளி, நூலகம், இந்த ஆயுர்வேத மருந்தகம் மாதிரியான சில விடயங்கள்தான். அதற்கான காசும் ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், மாகாணம் வழியாக வருகிற முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் என்று துண்டு துண்டாகச் சேர்வது.

இதில் எனக்குப் பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அந்த மாகாணக் காசைப் பற்றி நாம் யாரிடம் போய்க் கேட்பது? கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்குப் போட்டது 2012 செப்டம்பரில். 2017 செப்டம்பரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்பதை நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லாமல்தான் முடிவெடுக்கிறார்கள். இதை எழுதினால் 'அரசியல் பேசுகிறாள்' என்று யாராவது வருவீர்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை, நிறுவனங்களிடம் சம்பளம் வாங்குகிறவளும் இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கணக்குக் கொப்பி எழுதுகிறவள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு அம்மம்மா அஸ்வெசும வெட்டுப்பட்டதைச் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டார். "இது அந்தக் கூட்டம் இல்லை அம்மா, இருங்க" என்று ஒலிவாங்கியை வாங்கிவிட்டார்கள். எங்கே போக வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? என் தம்பிக்கும் இப்படித்தான். அவனுடைய மாற்றுத்திறனாளி கொடுப்பனவு பற்றி நாங்கள் தமிழில் அனுப்பிய கடிதத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு அலுவலகம் தனிச் சிங்களத்தில் பதில் அனுப்பியது. தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல். அந்தக் கடிதத்தை வாசிக்க ஆள் தேடி இரண்டு ஊர் தாண்டிப் போனேன். அதில் இருந்ததோ, ஒரு பிரதி கூடுதலாக அனுப்பச் சொல்லி ஒரே ஒரு வரி. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

என் முறை வந்தது. மூன்று நிமிடம் தந்தார்கள். டொக்டரைப் பற்றியோ கொடுப்பனவைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. மருந்தகத்தின் மருந்துக் காசை மூன்றரை இலட்சமாக்க வேண்டும், மருந்தக வாசல் படிக்கு ஒரு கைப்பிடி வேண்டும், இரண்டே இரண்டு. தகவல் கோரிக்கைக்கு வந்த பதிலின் பிரதியையும் தைலம் கிடைக்காமல் திரும்பின 26 பேரின் கையொப்பத்தையும் கொடுத்தேன். தவிசாளர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்கு யார் தந்தது தங்கச்சி?" என்று கேட்டார். "சபைதான் சேர் எழுத்தில் தந்தது, கீழே கையொப்பம் இருக்கு" என்றேன். செயலாளர் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். என் கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. கதிரையில் இருக்கும் முன், இதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேட்டேன். கோரிக்கையின் இரண்டாவது பிரதியில் சபை முத்திரையும் திகதியும் வைத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

டிசம்பரில் பாதீடு நிறைவேறியது. மருந்துக்கு மூன்று இலட்சம் போட்டிருந்தார்கள். கைப்பிடிக்கு ஒன்றும் இல்லை. எல்லாச் சபையும் இப்படிக் கேட்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் செயலாளர் நல்லவராக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் கூட்டம் எந்தத் திகதி என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதம் இருந்தால் இன்றைக்கே தகவல் கோரிக்கையைக் கொடுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் சபைக்கு நேரே போய் இந்த வருடப் பாதீட்டுப் புத்தகத்தைப் பார்க்கக் கேளுங்கள், உங்களுக்கு வேண்டிய பக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது அயலில் நாலு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.