நொர்வேஜியக் கூட்டுச்சொல்: எங்கே அழுத்துவது, எங்கே ஒட்டுவது?

ஒஸ்லோவில் புதிதாக வருபவர்களுக்குப் பல வருடமாக நொர்வேஜிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். இந்த முறை கூட்டுச்சொற்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அக்கா, மருத்துவமனைக்கு 'ஸீக்கெஹூஸ்' என்று சரியாகத்தான் சொல்கிறேன். ஆனாலும் இரண்டு மூன்று தரம் கேட்கிறார்கள். ஏன்?

எழுத்துகள் சரி, அழுத்தம்தான் பிசகுகிறது. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. அதனால் நாம் எல்லா அசைகளையும் ஒரே சீராகச் சொல்லிப் பழகிவிட்டோம். நொர்வேஜியக் காதோ முதலில் அழுத்தத்தைத்தான் தேடும். 'ஸீக்' என்றால் நோயுற்ற, 'ஹூஸ்' என்றால் வீடு. இரண்டும் ஒட்டியதும் முதற்சொல்லுக்கு முழு அழுத்தம், அடுத்ததற்கு அரை அழுத்தம். மேசையில் தட்டிப் பாருங்கள்: 'ஸீ'க்கு உள்ளங்கையால் ஓங்கி ஒன்று, 'கெ'க்கு ஒன்றுமில்லை, 'ஹூ'வுக்கு விரல் நுனியால் மெல்ல ஒன்று. அரை அழுத்தம்தானே என்று 'ஹுஸ்' எனக் குறுக்கிவிடாதீர்கள். நெடில் நெடிலாகவே இருக்க வேண்டும்.

அப்படியென்றால் எப்போதும் முதல் அசையை அழுத்தினால் போதுமா?

போதாது. நான் சொன்னது முதற்சொல்லை. முதல் அசையை அல்ல. 'தெலெஃபூன்' என்ற சொல்லுக்கு அழுத்தம் கடைசியில், 'ஃபூன்' மேல். தொலைபேசி எண்ணுக்கு 'தெலெஃபூன்நும்மர்' என்று ஒட்டும்போதும் அது அங்கேயே நிற்கும். வாழைப்பழம் 'பனான்', தோலையும் சேர்த்து 'பனான்ஸ்கல்' என்றாலும் அழுத்தம் 'னான்' மேல்தான். ஆகவே முதற்சொல்லைத் தனியாகச் சொல்லிப் பார்த்து, அது எங்கே அழுந்துகிறதோ அங்கேயே அழுத்துங்கள்.

சேர்த்து எழுதினால் வாசிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆங்கிலம் போல இடைவெளி விட்டால் என்ன?

பொருள் மாறிவிடும், தம்பி. இறைச்சிக் கடையில் 'லம்மெலோர்' என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தால் ஆட்டுக்குட்டித் தொடை. நடுவில் இடைவெளி விட்டால் 'முடங்கிப்போன தொடைகள்'. 'ரொய்க்ஃப்ரித்' என்றால் புகைபிடிக்கக் கூடாத இடம். பிரித்து எழுதினால் 'தாராளமாகப் புகைபிடி' என்று கட்டளையாகிவிடும். அந்த இடைவெளி வாசிப்பவருக்குக் காதிலும் கேட்கும். பிரிந்து நின்றால் இரண்டு சொல்லும் அழுத்தம் பெறும், அதிலும் பின்னது ஓங்கும். ஒட்டி நின்றால் முன்னது மட்டும் ஓங்கும். எனக்கு இது மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் இதே வேலையை நம் மொழியில் ஒற்று செய்கிறது. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப்பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. நாம் 'ப்' போட்டு ஒட்டுகிறோம், அவர்கள் இடைவெளியை எடுத்து ஒட்டுகிறார்கள். நொர்வேஜியப் பிள்ளைகளே இதில் நிறையத் தவறுவதால் பள்ளிக்கூடங்களில் இந்தச் சொற்பிரிப்புப் பிழைக்குத் தனியே பயிற்சி கொடுப்பார்கள்.

நடுவில் சில நேரம் 'ஸ்' வருகிறது, சில நேரம் வருவதில்லை. விதி உண்டா?

முழுமையான விதி இல்லை, ஆனால் இரண்டு பிடிமானம் உண்டு. முதற்சொல் ஹேத், இங், ஷூன், ஸ்காப் போன்ற விகுதியில் முடிந்தால் பெரும்பாலும் 'ஸ்' வரும். அப்புறம், முதற்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருந்தாலும் பல நேரம் வரும். திராட்சை மதுக் கோப்பை வெறும் 'வீன்கிளாஸ்'. சிவப்பு மதுவுக்கான கோப்பை 'ரோவீன்ஸ்கிளாஸ்'. வெட்டு எங்கே விழுகிறது என்பதை அந்த 'ஸ்' காட்டிக்கொடுக்கிறது. மற்றதெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

கூட்டுச்சொல்லுக்கு முன்னால் பால் காட்ட வருவது 'என்'னா 'எத்'தா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

கடைசிச் சொல்லை வைத்து. குழந்தை 'எத் பார்ன்', தோட்டம் 'என் ஹாகெ'. பாலர் பள்ளி 'என் பார்னெஹாகெ'.

குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் இந்தத் தொனி விஷயத்துக்கும் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். 'போன்னர்' என்று ஒரு தொனியில் சொன்னால் விவசாயிகள், மற்றதில் அவரைக்கொட்டைகள் அல்லது பிரார்த்தனைகள். ஒஸ்லோப் பக்கத்தில் கூட்டுச்சொற்கள் பெரும்பாலும் இரண்டாவது தொனியில்தான் வரும். ஆனால் தொனி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், வடக்கே சில இடங்களில் அந்த வேறுபாடே கிடையாது. தொனி பிசகினாலும் ஆட்கள் இடம் பார்த்து விளங்கிக்கொள்வார்கள். அழுத்தம் பிசகினால்தான் திரும்பக் கேட்பார்கள். ஆகவே இந்த மாதம் மேசையைத் தட்டிப் பழகுங்கள், தொனியைப் பிறகு பார்ப்போம்.